பழைய ரிவால்வரின் டைமிங் கோளாறு: பழுது எங்கே, பழி எங்கே

பழைய ரிவால்வர் எந்தக் கோளாறு செய்தாலும் அதற்கு ஒரே பெயர்தான் சூட்டப்படுகிறது: டைமிங் போய்விட்டது. சிலிண்டர் இறுகினாலும் டைமிங். தோட்டா வெடிக்காவிட்டாலும் டைமிங். விசை திரும்பி வராமல் பாதியில் நின்றாலும் டைமிங். பெயர் வைத்த கையோடு யாராவது அரத்தை எடுத்துவிடுகிறார்கள். நூறாண்டைத் தொடும் ரிவால்வர்களைத் திறந்து பார்க்கும்போது இயல்பான தேய்மானத்தைவிட அரத்தின் கோடுகள் கண்ணை உறுத்துவது இதனால்தான்.

டைமிங் கோளாறு என்று சொல்லப்படுவதில் உண்மையான டைமிங் கோளாறு எவ்வளவு என்பதே இங்கே ஆராயும் கேள்வி. கொஞ்சம்தான் என்பது என் முடிவு. மிச்சமெல்லாம் அழுக்கு, தளர்ந்த ஸ்க்ரூ, வளைந்த கம்பி, யாரோ மாற்றிய தோட்டா அறை, முன்பு பழுது பார்த்தவர் விட்டுப்போன வினை. இவற்றைப் பிரித்தறியத் தெரியாதவர் கையில் நல்ல துப்பாக்கியும் கெட்டுப்போகும்.

ஒரு இழுப்பு, நான்கு வேலை

டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் விசையை ஒருமுறை இழுத்தால் நான்கு காரியங்கள் வரிசையாக நடக்க வேண்டும். ஆறு அறைச் சிலிண்டர் 60 பாகை சுற்ற வேண்டும். சுற்றியதை ஒரு தாழ் கீழிருந்து எழும்பிப் பள்ளத்தில் விழுந்து நிறுத்த வேண்டும். சுத்தி பின்னால் சாய வேண்டும். சிலிண்டர் பூட்டிய பிறகே அது விடுபட்டு முன்னால் விழ வேண்டும். இந்த வரிசை பிசகுவதுதான் முறையான பொருளில் டைமிங் கோளாறு. சுத்தி முந்திக்கொண்டால் தோட்டா அறை குழலுக்கு நேராக வருவதற்குள் வெடி நடந்துவிடும். ஈயக் குண்டின் ஒரு பக்கம் குழலின் வாயில் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் அது படலாம்.

இந்த ஏற்பாட்டின் கதை லண்டனில் தொடங்குகிறது. ராபர்ட் ஆடம்ஸ் 1851-இல் காப்புரிமை பெற்ற ரிவால்வர், அதே ஆண்டு நடந்த பெரும் பொருட்காட்சியில் கோல்ட்டின் ரிவால்வருக்கு எதிரே நின்றது. ஆடம்ஸின் ஆயுதத்தில் கட்டைவிரலால் சுத்தியைச் சாய்க்க வழி கிடையாது. எல்லாம் விசையின் பாடு. ராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த லெப்டினன்ட் பியூமான்ட் அதைத் திருத்தி இரண்டு வழியும் வைத்தார்; பியூமான்ட்-ஆடம்ஸ் ரிவால்வர் 1856-இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் வந்தது. கட்டைவிரல் வழி ஒன்று, விசை வழி ஒன்று என்று ஒரே இயந்திரத்துக்குள் இரண்டு பாதைகள் போடப்பட்டது அப்போதுதான். பழுது கண்டுபிடிப்பவருக்கு இது பெரிய வரம். ஒரு பாதையில் தெரிந்து மறு பாதையில் தெரியாத கோளாறு, இரண்டுக்கும் பொதுவான உறுப்பில் இருக்க வாய்ப்புக் குறைவு.

டபுள் ஆக்‌ஷன் என்றாலே நம்பத் தகாதது என்ற பேச்சுக்கு வித்திட்டது அமெரிக்காவின் கோல்ட் 1877 மாடல். வில்லியம் மேசன் வடிவமைத்தது. .38 அளவில் வந்ததை ‘லைட்னிங்’ என்றும், .41 அளவில் வந்ததை ‘தண்டரர்’ என்றும் வியாபாரிகள் அழைத்தார்கள். சின்ன உடம்புக்குள் அளவுக்கு மீறிய நுண்ணிய உறுப்புகள், தலைமுடிபோல் மெலிந்த ஸ்பிரிங்குகள், சிலிண்டரின் பக்கவாட்டில் இல்லாமல் பின்முகத்தில் வெட்டிய பூட்டுப் பள்ளங்கள். 1909 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. பழுதுபார்ப்பவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வேலையும் கொடுத்தது. இன்று அந்த மாடல் ஒன்று கைக்கு வந்தால், சுடாமல் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதே மரியாதை. பழுது நீக்கலாம், நீக்கியது நிலைக்காது.

ஹார்ட்ஃபோர்டும் ஸ்பிரிங்ஃபீல்டும்

நடைமுறையில் இந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி வருவது இரண்டு வீடுகளை: ஹார்ட்ஃபோர்டின் கோல்ட், ஸ்பிரிங்ஃபீல்டின் ஸ்மித் அண்ட் வெஸன். சிலிண்டர் இடப்பக்கம் சாய்ந்து திறக்கும் கோல்ட் ரிவால்வர் 1889-இல் வந்தது. ஸ்மித் அண்ட் வெஸன் 1896-இல் .32 அளவிலும், 1899-இல் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ என்ற .38 மாடலிலும் அதே வகைக்கு மாறியது. வெளியிலிருந்து பார்த்தால் உடன்பிறப்புகள். உள்ளே இரண்டும் வெவ்வேறு சிந்தனை.

கோல்ட்டில் பெரிய ஸ்பிரிங் ஆங்கில V எழுத்தின் வடிவில் இருக்கும். அதன் மேல் கால் சுத்தியைத் தள்ளும். கீழ்க் கால் ரீபவுண்ட் லீவர் என்ற நெம்புகோலை அழுத்தும். அந்த நெம்புகோல் விசையைத் திருப்பி அனுப்பும், சிலிண்டரின் தாழையும் இயக்கும். ஒரே மாட்டைக் காலையில் ஏரிலும் மாலையில் செக்கிலும் பூட்டிய கதை இது. விசை கனமாக இருக்கிறது என்று சொல்லி யாராவது V-யின் கால்களை நெருக்கி வளைத்திருந்தால், சுத்தியின் அடி மட்டுமா குறையும்? விசை சோம்பலாகத் திரும்பும், தாழும் தன் நேரத்தில் எழும்பாது. பார்ப்பவர் தாழில் குறை காண்பார். குறை ஸ்பிரிங்கில் இருக்கும்.

சிலிண்டரைச் சுற்றிவிடும் மெல்லிய எஃகுத் துண்டை ‘ஹேண்ட்’ என்பார்கள். இங்கே தள்ளுகை என்று வைத்துக்கொள்வோம். கோல்ட்டின் தள்ளுகைக்கு இரண்டு படிகள். முதல் படி சிலிண்டரைச் சுற்றத் தொடங்கும். இரண்டாம் படி கடைசிவரை கொண்டுபோய், சுத்தி விழும் கணத்திலும் சிலிண்டரின் பின்புறப் பற்களை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். முன்னே தாழ், பின்னே தள்ளுகை என இரண்டுக்கும் இடையில் சிலிண்டர் இம்மி அசையாது. 1955-இல் வந்த பைத்தான் மாடலுக்கு வங்கிப் பெட்டகம்போல் பூட்டும் என்ற புகழ் கிடைத்தது இதனால்தான். அதே அழுத்தம்தான் தள்ளுகையின் நுனியைத் தேய்க்கிறது. ஸ்மித் அண்ட் வெஸன் இப்படி அழுத்துவதில்லை. தாழ் முன்கூட்டியே விழும், தள்ளுகை பல்லின் பக்கத்தில் உரசிக் கடந்துவிடும். சிலிண்டரில் துளி ஆட்டம் இருக்கும். தேய்மானம் குறைவு.

கோல்ட் மென்மையானது, ஸ்மித் முரட்டுத்தனமானது என்ற பழைய வழக்கில் பாதிதான் உண்மை. கோல்ட்டின் தள்ளுகை தேய்வதற்கென்றே வைத்த உறுப்பு. காலத்துக்குக் காலம் திருத்தி மாற்ற வேண்டியது. அதைப் பராமரிக்காமல் சுட்டுக்கொண்டே இருந்துவிட்டு வடிவமைப்பைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் அப்படித் திருத்தத் தெரிந்த கைகள் இன்று அருகிவிட்டன என்பதும் உண்மை. கோல்ட்டே 1969-இல் மார்க் III வரிசையில் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறி உள்ளமைப்பைப் புதிதாக எழுதியது. 2020-இல் பைத்தான் என்ற பெயரில் திரும்பி வந்ததும் பழைய இயந்திரம் அல்ல.

ஆறில் ஒன்றா, ஆறுமா?

பழுதைத் தேடுவதில் முதல் கேள்வி இதுதான். துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை பார்த்து, தோட்டாக்களை வேலை செய்யும் இடத்திலிருந்தே அகற்றிய பிறகு, சிலிண்டரின் ஒரு அறைக்கு நேரே சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

கோளாறு எப்போதும் ஒரே அறையில் வந்தால், அந்த அறைக்குரிய பல்லிலோ பள்ளத்திலோ குறை. ஆறு அறைகளிலும் வந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான தள்ளுகையையோ தாழையோ ஸ்பிரிங்கையோ சந்தேகிக்கலாம். முழுச் சுற்றில் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் இளகினால் தோட்டாக்களை வெளித்தள்ளும் கம்பி வளைந்திருக்கிறது. சிலிண்டரைத் திறந்து விரலால் சுழற்றிவிட்டுக் கம்பியின் நுனியைப் பார்த்தால் அது வட்டம் போடுவது தெரியும். எந்த ஒழுங்கும் இல்லாமல் எங்கெங்கோ இறுகினால், பெரும்பாலும் அழுக்கு. இந்த நான்கு விடைகளில் ஒன்று கிடைக்கும்வரை உள்ளுறுப்புகளை மூடும் பக்கத் தகட்டைக் கழற்றவே தேவையில்லை.

அழுக்கு என்றால் இலேசாக எண்ணிவிட வேண்டாம். தோட்டாக்களைத் தூக்கும் நட்சத்திரத் தகடு சிலிண்டரின் பின்முகத்தில் பதிந்து உட்கார்ந்திருக்கும். தள்ளுகம்பியை அழுத்தித் தகட்டை உயர்த்தி, அதன் அடியில் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். எரியாத வெடிமருந்துத் துணுக்கு ஒன்று, கடுகைவிடச் சிறியது, அங்கே ஒட்டியிருக்கும். தகடு அதன் மேல் உட்கார்ந்ததால் மயிரிழை உயர்ந்து, பின்சுவரில் உரசி, சிலிண்டரையே இறுக்கிவிடுகிறது. விசை கல்லாகக் கனக்கிறது. பழைய பல்துலக்கி ஒன்றால் தட்டிவிட்டால் தீர்ந்தது. காலி உறைகளைத் தள்ளும்போது குழலை மேல்நோக்கிப் பிடிக்காதவர்களுக்கு இந்தத் தொல்லை ஓயாமல் வரும். துணுக்குகள் தகட்டின் அடியில்தான் விழும். அமெரிக்கக் காவல்துறைகளில் ரிவால்வர் காலத்தில், குழலை வானம் பார்க்கப் பிடித்தே காலி உறைகளைக் கொட்டக் கற்றுக்கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது எண்ணெய். கண்ட எண்ணெயையும் பக்கத் தகட்டின் இடுக்கில் ஊற்றி வைத்தால் ஆண்டுகள் போகப் போக அது மெழுகாகிப் பிறகு வார்னிஷ் ஆகும். சுத்தி மெதுவாக விழும், விசை மெதுவாகத் திரும்பும். ஸ்பிரிங் செத்துவிட்டது என்று புது ஸ்பிரிங் வாங்குவார்கள். கழுவினாலே போதும்.

மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை

உண்மையான டைமிங் சோதனைக்கு வருவோம். இடக்கைக் கட்டைவிரலைச் சிலிண்டரின் மேல் இலேசாக வைத்து, தடுத்தும் தடுக்காமலும் ஒரு உரசல் கொடுக்க வேண்டும். வலக்கைக் கட்டைவிரலால் சுத்தியை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இரண்டு சொடுக்குகள் கேட்கும்: தாழ் பள்ளத்தில் விழுவது ஒன்று, சுத்தி முழுதாகச் சாய்ந்து நிற்பது மற்றொன்று. தாழ் முந்த வேண்டும். கோல்ட்டில் இரண்டும் சேர்ந்தே கேட்டாலும் பாதகமில்லை. சுத்தி நின்றுவிட்டது, தாழின் சொடுக்குக் கேட்கவில்லை, விரலால் சிலிண்டரை ஒரு நூலளவு தள்ளிய பிறகே ‘டக்’ என்று பூட்டுகிறது என்றால், அந்த அறை பின்தங்குகிறது. ஆறு அறைகளையும் இப்படிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர்களில் நட்சத்திரத் தகட்டை இரண்டு சிறு ஊசிகள் பிடித்திருக்கும். அவை தேய்ந்தால் தகடு இம்மி அசையும். சுற்றுவிக்கும் பற்கள் அந்தத் தகட்டில்தான் இருக்கின்றன. அறைகள் காலியாக இருக்கும்போது சோதித்தால் தகடு அசைந்து, சிலிண்டர் பின்தங்குவதுபோல் காட்டும். சுட்ட காலி உறைகளையோ போலித் தோட்டாக்களையோ ஆறு அறைகளிலும் போட்டுவிட்டால் தகடு அவற்றின் விளிம்பில் தாங்கி அசையாது நிற்கும், கோளாறும் மறைந்துவிடும். சுடும்போது அறைகள் நிறைந்துதானே இருக்கும்? இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை தள்ளுகைகள் மாற்றப்பட்டிருக்கும் என்று எண்ணினால் வயிறு எரிகிறது.

விரல் உரசலோடு சோதிப்பதே செயற்கை என்றும், இயல்பான வேகத்தில் சிலிண்டரின் சொந்த ஓட்டமே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்றும் ஒரு கட்சி உண்டு. உரசலிலும் தேறாத துப்பாக்கியைச் சுடவே கூடாது என்பது எதிர்க் கட்சி. ஸ்மித் அண்ட் வெஸனில் ஒரே அறை, அதுவும் உரசல் கொடுத்தால் மட்டும் பின்தங்கினால், அரம் எடுக்க அது காரணமாகாது; குறித்து வைத்துக் கவனித்து வரலாம். கோல்ட்டில் அது முன்னெச்சரிக்கை. எந்த ரிவால்வராக இருந்தாலும், உரசலே இல்லாமல் பின்தங்கினால் அன்றோடு சுடுவதை நிறுத்த வேண்டும்.

மெதுவான சோதனையில் தேறிய துப்பாக்கி வேகமாக இழுக்கும்போது தவறலாம். கனமான சிலிண்டர் வேகத்தில் பள்ளத்தைத் தாண்டி ஓடிவிடும். தாழின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பள்ளத்தின் விளிம்பு அடிபட்டு மழுங்கியிருக்கும். பின்தங்குவதற்கும் தாண்டி ஓடுவதற்கும் வைத்தியம் நேர் எதிர். ஆனால் இரண்டுமே சுட்ட தோட்டாவின் பின்புறத்தில் சுத்தி அடிக்கும் பிரைமரில் ஓரத்தில் விழுந்த அடியாகத்தான் தெரியும். கட்டைவிரலால் சாய்த்துச் சுட்டால் சரியாக இருக்கிறது, விசையை வேகமாக இழுத்தால்தான் தவறுகிறது என்ற புகார் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது தாழை. தள்ளுகையைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு புகாரும் இதே இனம்: கட்டைவிரலால் சாய்த்தால் சுத்தி நிற்கிறது, விசையை இழுத்தால் சுத்தி அசையவே இல்லை. சுத்தியின் முன்புறத்தில் சிறு நாக்கு ஒன்று கீல்போட்டுத் தொங்கும். விசை அதைப் பிடித்துத்தான் சுத்தியைத் தூக்கும். அந்த நாக்கின் குட்டி ஸ்பிரிங் முறிந்தால் விசை வழி அடைபடும், கட்டைவிரல் வழி திறந்தே இருக்கும். முழு ரிவால்வரும் போய்விட்டதாகக் கைவிடப்படுவது இப்படி ஒரு நுண்ணிய கம்பிக்காகவும் நடக்கும்.

அடி விழுந்தும் வெடிக்காதபோது

தோட்டா வெடிக்காமல் போவது டைமிங் கணக்கில் எழுதப்படும் இன்னொரு பெரிய கடன். பிரைமரைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அடி ஓரத்தில் விழுந்திருந்தால் அறை நேராக வரவில்லை. நடுவில் விழுந்து ஆழம் குறைந்திருந்தால் டைமிங்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அடியின் பலம் போதவில்லை.

பலம் ஏன் குறையும்? ஸ்மித் அண்ட் வெஸனில் பிடியின் முன்புறம் கீழ்ப்பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ உண்டு. உள்ளே இருக்கும் தட்டை ஸ்பிரிங்கை அழுத்தி வளைப்பது அதுதான். விசையை இலகுவாக்க ஆசைப்பட்டுப் பலர் அதைத் தளர்த்துவார்கள். இன்னும் துணிந்தவர்கள் அதன் நுனியை அரத்தால் தேய்த்தே விடுவார்கள். விசை இலகுவாகும், தோட்டா வெடிக்காது. ஸ்க்ரூவை முழுதாக இறுக்கிப் பார்த்த பிறகே வேறு எதையும் யோசிக்கலாம். விசையால் சுடும்போது சுத்தி பின்னால் போகும் தூரம், கட்டைவிரலால் சாய்க்கும்போது போகும் தூரத்தைவிடக் குறைவு. எனவே ஸ்பிரிங் தளர்ந்தால் முதலில் தவறுவது டபுள் ஆக்‌ஷன்தான்.

ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும் சரி என்றால் சிலிண்டரின் முன்பின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். மூடிய சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தால், நல்ல நிலையில் உள்ளதில் விரலுக்குத் தெரியும்படியான அசைவு இருக்காது. தேய்ந்ததில் ‘டிக் டிக்’ என்று கேட்கும். அடிபட்டதும் சிலிண்டர் முன்னால் நகர்ந்து அடியின் பலத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே ஏறத்தாழ 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இடைவெளி இருக்க வேண்டியது. இந்த ஆட்டத்தால் அது ஒரு சமயம் விரியும், ஒரு சமயம் உரசும். ஸ்மித் அண்ட் வெஸனில் மெல்லிய வளையங்களை உள்ளே இட்டு இதைச் சரிசெய்ய முடியும். கோல்ட்டில் கிரேன் எனப்படும் தாங்கியின் குழாயையே நீட்ட வேண்டும். அது தேர்ந்த கையின் வேலை.

வெடிக்காத தோட்டாவை மறுபடி அடித்தால் வெடிக்கிறதா? வெடித்தால், பெரும்பாலும் பிரைமர் முழு ஆழம் உட்காரவில்லை. முதல் அடி அதை உட்கார வைப்பதிலேயே செலவாகிவிட்டது. வீட்டில் மறுநிரப்பிய தோட்டாக்களில் இது சகஜம். குற்றவாளி துப்பாக்கியே அல்ல.

திறக்க மறுக்கும் சிலிண்டர்

இதில் ஒரு நல்ல வரலாறு ஒளிந்திருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸனின் சிலிண்டர் பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். அதன் தள்ளுகம்பி பழைய ரிவால்வர்களில் வலப்புரி மரை கொண்டது. சுடச் சுட, சுற்றச் சுற்ற, கம்பி தானாகவே கழன்று முன்னால் நீளும்; குழலின் அடியில் இருக்கும் முன்பூட்டில் முட்டி நிற்கும். பிறகு சிலிண்டர் திறக்காது. அறைகளில் தோட்டா இருக்கும்போது இப்படி ஆனால் கை நடுங்கத்தான் செய்யும். நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் மரையை இடப்புரியாக மாற்றியதும் தொல்லை தணிந்தது. அதற்கு முந்தைய துப்பாக்கி வைத்திருப்பவர் சுத்தம் செய்யும்போதெல்லாம் தள்ளுகம்பியை ஒருமுறை திருகிப் பார்ப்பது நல்லது. இறுக்கும்போது அறைகளில் காலி உறைகள் இருக்கட்டும். இல்லாவிட்டால் மேலே சொன்ன இரு ஊசிகள்தான் அந்த முறுக்கைத் தாங்க வேண்டிவரும். இடப்புரி மரையை வலப்புரி என்று நினைத்து முறுக்கி முறித்தவர்களும் உண்டு. மரையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருகுங்கள்.

குறை தெரியாத குறை

இதுவரை சொன்னவை எல்லாம் ஏதாவது ஒரு அறிகுறி காட்டும். அறிகுறியே காட்டாத பழுது ஒன்று உண்டு, அதுதான் ஆபத்தானது. இரண்டாம் உலகப் போரில் ஸ்மித் அண்ட் வெஸன் பெருமளவில் செய்த ‘விக்டரி’ மாடலில், சுத்தி தானாகத் தோட்டாவை அடிக்காமல் தடுக்கும் துண்டு ஒன்று பக்கத் தகட்டில் பொருத்தப்பட்டிருந்தது. 1944-இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றில் இரும்புத் தளத்தின்மேல் தவறி விழுந்த விக்டரி வெடித்து ஒரு மாலுமி இறந்தார். கெட்டியான பாதுகாப்புக் கிரீஸில் தடுப்புத் துண்டு சிக்கிக்கொண்டால் அது வேலை செய்யாது என்பது அப்போது உறைத்தது. விசையோடு சேர்ந்து நகரும் புதிய தடுப்பு விரைவிலேயே வந்தது; அது பொருத்தப்பட்ட துப்பாக்கிகளின் வரிசை எண்ணோடு S என்ற எழுத்தும் சேர்ந்தது.

அந்தப் புதிய தடுப்பு நீண்ட மெல்லிய தகடு. அதை எடுத்துவிட்டாலும் ரிவால்வர் ஒரு குறையும் இல்லாமல் இயங்கும். கழற்றி மாட்டியவர் திரும்ப வைக்க மறந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கைமாறி வந்த ரிவால்வரில் எல்லாம் சரியாக இருந்தாலும், விவரம் அறிந்தவரிடம் ஒருமுறை திறந்து காட்டி இந்தத் தகடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சாய்த்த சுத்தியைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் முன்னுக்கு அழுத்தினால் நழுவி விழுகிறதா என்பதும் கட்டாயம் பார்க்க வேண்டியது. விழுந்தால் சுத்தியின் பிடிப்பள்ளத்தை யாரோ தேய்த்திருக்கிறார்கள். சுத்தியும் விசையும் மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்ட எஃகு. அந்த மெல்லிய தோல் போய்விட்டால் அடியில் இருப்பது இளகிய இரும்பு. தேய்த்தது ஒரு நாள் வேலை, தேய்வது பிறகு தானே தொடரும்.

பழுது என்று எண்ணப்படும் இயல்புகளும் உண்டு. பெல்ஜியத்தின் லியோன் நகான் வடிவமைத்து ரஷ்யா 1895-இல் ஏற்ற ஏழு குண்டு ரிவால்வரின் விசை மிகக் கனமானது. விசையை இழுக்கும்போது சிலிண்டர் முழுவதும் முன்னால் நகர்ந்து குழலோடு பொருந்தி வாயு கசியாமல் அடைக்க வேண்டும். அந்த வேலைக்கு அந்தக் கனம் கூலி. அதைக் குறைக்கப் புறப்படுவது வீண். கோல்ட்டில் விசை ஓய்வில் இருக்கும்போது சிலிண்டர் கொஞ்சம் ஆடுவதும் குறையல்ல. விசையை முழுதாக இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தால்தான் அதன் பூட்டு தெரியும்.

வேறு சில, உறுப்பு தேய்ந்ததால் வந்தவை அல்ல. பிரிட்டனுக்குப் போன விக்டரிகள் .38/200 தோட்டாவுக்குச் செய்யப்பட்டவை. போர் முடிந்து உபரியாக விற்றபோது, பலவற்றின் அறைகளை .38 ஸ்பெஷல் நீளத்துக்குக் குடைந்தார்கள். பழைய அறை அகலமானது, புதிய தோட்டா ஒல்லியானது. சுட்டதும் உறை பருத்தோ பிளந்தோ அறையில் ஒட்டிக்கொள்ளும். நட்சத்திரத் தகட்டையும் கம்பியையும் ஆயிரம் முறை சரிசெய்தாலும் அது தீராது. 1915-இல் வந்த பிரிட்டிஷ் ரிவால்வரான வெப்லி மார்க் VI-க்கும் இதே கதி: அதன் சிலிண்டரின் பின்முகத்தைச் சீவி .45 ஏசிபி தோட்டா போட வழி செய்தார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்லியின் இயல்பான .455 தோட்டாவைவிட மிக அதிகம். மேல்தாழ்ப்பாளும் கீலும் தளர்ந்துபோன வெப்லி கைக்கு வந்தால், முதலில் சிலிண்டரின் பின்முகத்தைப் பார்க்க வேண்டும்.

தட்டி நீட்டலாமா?

தேய்ந்த தள்ளுகையைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி நீட்டிவிடுவது பழைய கம்மியர் வழி. நீளம் திரும்பக் கிடைக்கும், அரைமணி வேலை. புதிய தள்ளுகையைச் சற்றே பெரிதாக வாங்கி, ஆறு பற்களுக்கும் பொருந்தும்படி பார்த்துப் பார்த்து இழைத்துப் பொருத்துவது மற்ற வழி. தட்டி நீட்டுவதை ஒருமுறை ஏற்கலாம். ஏற்கெனவே நீட்டிய தள்ளுகையை மீண்டும் நீட்டுவது உலோகத்தைப் பலவீனப்படுத்தும் வேலை. ஒரே ஒரு அறை மட்டும் தவறும்போது தள்ளுகையை நீட்டினால் மற்ற ஐந்தும் கெடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஜெர்ரி குன்ஹாசன் எழுதிய கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன் பட்டறைக் கையேடுகள் இத்துறையில் இன்றும் முதல் நூல்களாக மதிக்கப்படுகின்றன. ஆனால் அவற்றைப் படித்துவிட்டதால் மட்டும் கை பழகிவிடாது.

பக்கத் தகட்டை நெம்பித் திறப்பதுதான் எனக்கு மன்னிக்க முடியாத குற்றம். ஸ்க்ரூக்களைக் கழற்றிய பின் பிரேமைக் கையில் பிடித்துப் பிடிப்பகுதியை ஸ்க்ரூடிரைவரின் மரக்கைப்பிடியால் இலேசாகத் தட்டினால் தகடு தானே எழும்பும். ஸ்க்ரூக்கள் ஒன்றுபோல் தெரிந்தாலும் ஒன்றல்ல. சிலிண்டரின் தாங்கியைப் பிடிக்கும் முன் ஸ்க்ரூவைப் பழைய நாளில் கையால் இழைத்துப் பொருத்தியிருப்பார்கள். இடம் மாறினால் சிலிண்டர் இறுகும், அல்லது கழன்று வரும். அப்போதும் டைமிங் என்றுதான் சொல்வார்கள்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தனியார் துப்பாக்கி இறக்குமதி 1980-களின் நடுப்பகுதியிலிருந்து அடைபட்டதால், தாத்தா காலத்து வெப்லியும் கோல்ட்டும் விலைமதிப்பு ஏறி, உரிமத்தோடு வாரிசுகளின் கைக்கு வந்துகொண்டிருக்கின்றன. உதிரி உறுப்பு கிடைப்பது குதிரைக் கொம்பு. கான்பூரில் அரசு ஆலை செய்யும் .32 ரிவால்வர் வெப்லி மார்க் IV-இன் வழி வந்ததுதான் என்றாலும், அதன் உறுப்பு பழைய வெப்லிக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ணுவது தவறு. தோட்டாவே வேறு. சட்டமும் தெளிவு: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கி பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். தெரு முனை லேத் பட்டறையில் எவ்வளவு நல்ல கைகாரர் இருந்தாலும் அவரிடம் இதைக் கொடுக்கக் கூடாது. அவருக்கும் வழக்கு வரும், உங்களுக்கும் வரும்.

உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் போகும்போது டைமிங் போய்விட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த அறையில் தவறுகிறது, மெதுவாக இழுக்கும்போதா வேகமாக இழுக்கும்போதா, கட்டைவிரல் வழியிலா விசை வழியிலா, பிரைமரில் அடி நடுவிலா ஓரத்திலா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சுட்ட உறைகள் இரண்டு மூன்று கிடைத்தால் அவற்றையும் கொண்டுபோங்கள். அவற்றைப் பார்க்காமலே அரத்தை எடுப்பவராக இருந்தால், துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு ஆளைத் தேடுங்கள்.